கால்சியம் மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை?
குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு 14 படி. கைப்பிடியை இழுத்து இழுத்துத்தான் ஏறுவேன். இடுப்பு, விலா எல்லாம் வலி. "வயசாகுதுல்ல" என்றார்கள்; எனக்கு 38தான். இரண்டு வருஷம் கால்சியம், வைட்டமின் டி விழுங்கியும் ரத்தத்தில் அளவு ஏறவில்லை. வேலூரில் ஒரு டாக்டர், "சாப்பிடறதெல்லாம் எங்க போகுது?" என்று குடலைச் சந்தேகப்பட்டார். எனக்கு வயிற்றுப்போக்கே கிடையாதே! ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பியில் எடுத்த சிறுகுடல் சதைத் துணுக்கு இரண்டிலும் சீலியாக் என்ற குடல் நோய் தெரிந்தது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, கால்சியம் உடம்பில் சேரவேயில்லை. (பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தப்பாகிவிடும்.)

சப்பாத்தி, ரவை, சேமியா, பரோட்டாவை விட்டேன். சோறு, கேழ்வரகுக் களிக்குத் தடையில்லை. ஆனாலும் வலி முழுசாக விடவில்லை. துருவிப் பார்த்தால் கூட்டுப் பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு! அதையும் மாற்றி எட்டு மாதம் ஆனபோது, கைப்பிடியைத் தொடாமல் மாடிக்குப் போய் வடகம் காயவைத்தேன்.