துருப்பிடித்த கையைத் தீட்டிக்கொள்வது எப்படி

போன மழைக்காலத்தில் காரைப் பின்னால் எடுக்கும்போது ஒரு தூணில் இடித்தேன். பின்பக்கக் கேமராவில் சேறு அப்பியிருந்தது. திரையில் பழுப்பாக ஏதோ தெரிய, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைத் திருப்பத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் 20 ஆண்டுகள் பிறருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை என்று என் வயதுக்காரர்கள் சொன்னால் முன்பெல்லாம் நானும் தலையாட்டுவேன். தூணுக்குப் பிறகு ஆட்டுவதில்லை. அவர்களுக்குச் சில பழக்கங்கள் வரவே இடமில்லாமல் போயிற்று. நமக்கு வந்தது துருப்பிடித்துவிட்டது. இரு தரப்புக்கும் ஒரே வைத்தியம்தான்: ஆளில்லாத ஒரு மைதானம், ஒரு மணி நேரம், நான்கு காலி அட்டைப்பெட்டிகள். மைதானத்துக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடிகள். பக்கக் கண்ணாடியில் உங்கள் காரின் உடம்பே கால்வாசி தெரிகிறதென்றால் அவ்வளவும் வீண். தலையை ஜன்னலோரம் சாய்த்து, காரின் விளிம்பு மட்டும் தெரியும்படி அந்தப் பக்கக் கண்ணாடியைத் திருப்புங்கள். மறுபக்கக் கண்ணாடிக்கு இருக்கைகளின் நடுவே சாய்ந்துகொண்டு அதையே செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் தெரியாது. பழகும்வரை சங்கடமாகத்தான் இருக்கும். அப்போதும் ஒரு மூலை மறையும், தடம் மாறும் முன் தலையைத் திருப்பியே ஆக வேண்டும்.

இனி தூண் பாடம். திரையின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். பெட்டிகளை ஒரு கார் நிற்கும் அளவுக்கு நான்கு மூலைகளில் வைத்து, பின்பக்கமாக உள்ளே வாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், வேகம் நடையை மிஞ்ச வேண்டாம். பின்னால் பார்க்கும் மும்முரத்தில் எல்லோரும் மறப்பது முன்பக்கத்தை: ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது காரின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். பெட்டி நெருங்கிவிட்டது என்று தோன்றியதும் நிறுத்தி, எத்தனை அடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்கிப் பாருங்கள். நான் ஒரு அடி என்றேன். இருந்தது நான்கு அடி. அடுத்த தடவை துணிச்சல் வந்து பெட்டியை நசுக்கினேன். ஊகிப்பது, இறங்குவது, பார்ப்பது. கண் இப்படித்தான் பழகும்.

பிரேக் பாடம் ஏபிஎஸ் உள்ள காருக்கு மட்டும்; அதாவது, பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. 1978-இலேயே மெர்சிடிஸ் காரில் வந்துவிட்ட வசதி இது. இருந்தும் அது வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்று காலால் உணர்ந்தவர்கள் என் மாணவர்களில் மிகச் சிலரே. காருக்குள் உருளக்கூடிய பொருள்களை எடுத்துவிடுங்கள். சீட் பெல்ட் போட்டு, பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். கடகடவென்று சத்தம் வரும், மிதி உங்கள் பாதத்தைத் திருப்பி உதைக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பலர் காலை எடுப்பது இந்த இடத்தில்தான். எடுக்காதீர்கள். அடுத்த சுற்றில், மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பெட்டியைச் சுற்றிப் போங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் கார் சொன்னபடி கேட்கும்.

சாலைக்கு வந்ததும் இடைவெளி. மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கைபேசியை 2 நொடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரி. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று எண்ணுங்கள். முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். மழையில் ஆறு வரை எண்ணுங்கள். இடையில் எவராவது புகுந்தால் புகட்டும், மறுபடி எண்ணிக்கொள்ளலாம்.

இண்டிகேட்டரைப் பற்றி என்ன சொல்ல? திரும்பும் முன் போடுங்கள், திரும்பும்போது அல்ல.

ஐந்தாவது முயற்சியில் என் கார் பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கையை வைத்து அளந்தேன். நசுங்காமல் மிஞ்சிய இரண்டு பெட்டிகள் இன்னும் டிக்கியில் கிடக்கின்றன.