ஷேடோடான்ஸரை 3.5-லிருந்து 5-ஆம் பதிப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கதாபாத்திர விளையாட்டின் 3.5 பதிப்பில் (2003) பிரெஸ்டீஜ் கிளாஸ் என்று ஒன்று உண்டு; கிளாஸ் என்றால் கதாபாத்திரத்தின் தொழில்வகை. குறிப்பிட்ட தகுதிகளை எட்டினால்தான் அதில் நுழைய முடியும். 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பில் அந்த வேலையைப் பெரும்பாலும் சப்கிளாஸ், அதாவது ஒரு கிளாஸின் கிளைவகை, பார்த்துக்கொள்கிறது. நிழலில் மறைந்து நிழல்வழியே தாவும் ஷேடோடான்ஸர் என்ற பிரெஸ்டீஜ் கிளாஸை, ரோக் என்ற தந்திரக்காரக் கிளாஸின் சப்கிளாஸாக மாற்றிப் பார்ப்போம்.

படி 1: எண்களை விட்டுவிடுங்கள்

ஹைட் (ஒளிதல்) திறனில் 10 ரேங்க், மூவ் சைலன்ட்லி (சத்தமின்றி நகர்தல்) 8, நடனம் 5, கூடவே மூன்று ஃபீட் (சிறப்புத் திறமை). பழைய நுழைவுத் தகுதி இது. 5-இல் ஸ்கில் ரேங்க்கே கிடையாது. பெர்ஃபார்மன்ஸ் (கலை நிகழ்த்துதல்) புரொஃபிஷியன்சியை, அதாவது தேர்ச்சியை, இலவசமாகக் கொடுத்தால் போதும். தாக்கும்போது பகடையோடு கூட்டும் அட்டாக் போனஸையும் தொடாதீர்கள். 3.5-இல் ஃபைட்டருக்கு 20-ஆம் லெவலில் +20. இங்கே புரொஃபிஷியன்சி போனஸ் +6-ஐத் தாண்டாது. பழைய கணக்கைக் கொண்டுவந்தால் எந்த மான்ஸ்டரின் ஆர்மர் கிளாஸும் (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) நிற்காது.

படி 2: ஏற்கெனவே இருப்பதை நீக்குங்கள்

புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய ஷேடோடான்ஸரின் தற்காப்புத் திறன்களான அன்கேனி டாட்ஜ், இவேஷன், ஸ்லிப்பரி மைண்ட் மூன்றும் 5-ஆம் பதிப்பு ரோக்குக்கு முறையே 5, 7, 15-ஆம் லெவலில் தானாகவே வருகின்றன. டிஃபென்சிவ் ரோலையும், அன்கேனி டாட்ஜ், இவேஷன் இரண்டின் இம்ப்ரூவ்ட் வகைகளையும் விட்டுவிடலாம். மிஞ்சுவது ஐந்து: கண்ணெதிரே மறைதல், டார்க்விஷன் (இருட்டில் பார்த்தல்), நிழல் மாயை, நிழல் துணை, நிழல் தாவல்.

படி 3: 3, 9, 13, 17-ஆம் லெவல்களில் பிரித்து வையுங்கள்

3: 60 அடி டார்க்விஷன். மங்கல் ஒளியிலோ இருட்டிலோ நின்றால், எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹைட் செய்யலாம். பழைய விதியில் ‘10 அடிக்குள் ஏதாவது நிழல் இருந்தால் போதும்’ என்றிருக்கும். அதை எடுக்காதீர்கள், ஒவ்வொரு தீப்பந்தத்துக்கும் மேஜையில் வாக்குவாதம் வரும்.

9: நிழல் தாவல். பழையது ஒரு நாளைக்கு மொத்தம் 20 அடியில் தொடங்கி, இரண்டு லெவலுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த அடிக்கணக்கை யார் எழுதிவைப்பது? போனஸ் ஆக்‌ஷனில் (ஒரு சுற்றில் ஒருமுறை கிடைக்கும் கூடுதல் செயல்) 30 அடி, நாளைக்கு இத்தனை என்ற வரம்பில்லை, ஆனால் நிழலிலிருந்து கண்ணில் படும் நிழலுக்கு மட்டும் என்று வையுங்கள். நிழல்வழி மங்க் 6-ஆம் லெவலிலேயே இப்படி 60 அடி தாவுகிறார், அதனால் இது அதிகமில்லை. தவிர, ரோக் ஹைட் செய்யவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். தாவினால் அந்தச் சுற்றில் அப்படி மறைய முடியாது. அதுவே கடிவாளம். நிழல் மாயையும் இங்கேயே: சைலன்ட் இமேஜ் (ஒலியில்லாப் பிம்பம் காட்டும் மந்திரம்), லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) ஒருமுறை.

13: நிழல் துணை. துணையாக வரும் ஷேடோ என்ற மான்ஸ்டரின் 16 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) இந்த லெவலில் ஒரே அடிக்குப் போய்விடும். ரோக் லெவலைப்போல் நான்கு மடங்கு, அதாவது 52 கொடுங்கள். அதன் ஸ்ட்ரெங்த் உறிஞ்சலை நீக்குவது கட்டாயம். ஸ்ட்ரெங்த் 0 ஆனால் சாவு என்பதால், எத்தனை ஹிட் பாயின்ட் உள்ள எதிரியையும் அது சாய்த்துவிடும். துணை அழிந்தால் பழைய எக்ஸ்பி (அனுபவப்புள்ளி) இழப்புக்குப் பதில் ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு).

17: தாவல் 120 அடி, தாவிய அதே போனஸ் ஆக்‌ஷனில் ஹைட்டும் செய்யலாம்.

படி 4: ஆடிப் பாருங்கள்

ஒரு சண்டை குகையில், ஒன்று நடுப்பகல் வெட்டவெளியில். இரண்டிலும் தீஃப் சப்கிளாஸை எடுத்த ரோக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெயிலில் ஷேடோடான்ஸர் கொஞ்சம் பின்தங்கினால் பரவாயில்லை, ரோக்கின் கூடுதல் சேதத் தாக்குதலான ஸ்னீக் அட்டாக் கையில் இருக்கிறது. குகையிலும் பின்தங்கினால் தாவல் தூரத்தை 30-லிருந்து 60 ஆக்குங்கள்.