படிவங்களை எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள்: வாக்காளர் பதிவுக்கு நிதி தருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் குடிமக்களின் சொந்தப் பொறுப்பு. நம் ஊரைப் போல வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருவதில்லை. வீடு மாறினால் முகவரியைத் தாமே திருத்திக்கொள்ள வேண்டும். இதனால் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், ஏழைகள், இளைஞர்கள், கறுப்பின மக்கள், பழங்குடிகள் ஆகியோர் அதிகமாக விடுபட்டுப் போகிறார்கள். அவர்களைத் தேடிப் போகிறவை தேவாலயங்களும் உள்ளூர் அமைப்புகளும். அவற்றுக்குப் பணம் தருகிறவை அறக்கட்டளைகள். அந்தப் பணம் வீணாகும் வழிகள் அறுபது ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பதிந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வேலையை எடைபோடுவது. 1962இல் அட்லாண்டாவில், இன நல்லிணக்க அமைப்பான தெற்கு வட்டாரக் கவுன்சிலின் கீழ், தென் மாநிலக் கறுப்பின மக்களைப் பதிய வைக்க ‘வாக்காளர் கல்வித் திட்டம்’ தொடங்கியது. டகோனிக், ஃபீல்டு போன்ற அறக்கட்டளைகள் பணம் தந்தன. வழக்கறிஞர் வைலி பிராண்டன் தலைமை ஏற்றார். 1964க்குள் தென் மாநிலங்களில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின வாக்காளர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆனால் மிசிசிப்பியில் நான்காயிரம் பேர்கூடத் தேறவில்லை. 1963 இறுதியில் அந்த மாநிலத்துக்கான நிதி பெருமளவு நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் வழக்குகள் வழி திறக்காத வரை அங்கே செலவழித்துப் பயனில்லை என்பது பிராண்டனின் வாதம். கணக்கேட்டை மட்டும் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும்.

கணக்கேட்டில் வராதது என்ன? மிசிசிப்பியில் பதிய வருபவருக்கு, மாநில அரசமைப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லும் தேர்வு. அதில் தேறுவதும் தேறாததும் பதிவாளரின் விருப்பம். விண்ணப்பித்தவரின் பெயர் செய்தித்தாளில் வெளியாகும், முதலாளி பார்ப்பார். 1962 ஆகஸ்டில் இந்தியனோலாவுக்குப் பதியச் சென்ற ஃபேனி லூ ஹேமரை, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றினார்கள். லெஃப்ளோர் வட்டத்தில் அந்தக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கான அரசு உணவு வழங்கலையே நிறுத்தினார்கள். இத்தனைக்கும் நடுவில் பதிவு அலுவலகப் படியேறிய ஒவ்வொருவரும் வாக்குரிமை இயக்கத்தின் வெற்றி. பதிய முடியாத கறுப்பின மக்களும் வாக்களிக்க 1963 நவம்பரில் இயக்கமே நடத்திய மாதிரித் தேர்தலில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் வாக்களித்தார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் பதிந்திருந்தவர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. 1967இல் ஏறத்தாழ அறுபது விழுக்காடு. சட்டமும் மத்திய அதிகாரிகளும் வந்தபோது மக்களை அழைத்துப் போக ஊர்களில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். நிதி தருகிறவர் கேட்க வேண்டியது இதைத்தான்: எத்தனை பேர் மறுக்கப்பட்ட பிறகும் திரும்பி வந்தார்கள், எத்தனை உள்ளூர்க்காரர்கள் இப்போது பிறருக்குச் சொல்லித் தருகிறார்கள், பதிந்தவர்களில் எத்தனை பேர் வாக்களித்தார்கள்?

படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதும் இதே நோய்தான். பொய்ப் படிவங்கள் முளைக்கும். பல மாநிலங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன.

அடுத்தது காலம். தேர்தல் ஆண்டின் ஆகஸ்டில் பணம் விடுவித்தால், ஆள் தேர்ந்து பயிற்சி தருவதற்குள் பதிவுக் கெடு வந்துவிடும். சில மாநிலங்களில் அது தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே முடிகிறது. நவம்பர் முடிந்ததும் பணத்தை நிறுத்தினால், பழகிய ஊழியர் வேறு வேலைக்குப் போய்விடுவார், இரண்டு ஆண்டு கழித்து அகரத்திலிருந்து தொடங்க வேண்டும். தேர்தல் இல்லாத ஆண்டிலும் சம்பளம் தரும் நிதியே உண்மையான நிதி.

பட்டம் பெற்றவர்களையே தேடுவதும் தவறு. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் தொடங்கிய முதல் குடியுரிமைப் பள்ளிக்கு (வாக்காளராகப் பதியும் அளவுக்கு வயது வந்தோருக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் வகுப்பு) ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர். பள்ளியைத் தொடங்கிய செப்டிமா கிளார்க்கும் ஈசா ஜென்கின்ஸும் அவரை விரும்பியே தேர்ந்தார்கள். வயது வந்தவர்களைக் குழந்தைகளாக நடத்த மாட்டார் என்பது அவர்களின் கணிப்பு. வகுப்பு ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் நடந்தது. கையெழுத்துப் போடவும் அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்பவும் கற்றவர்கள், வாக்காளர் படிவத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். இன்று இப்படி ஒருவர் நிதி கேட்டு எழுதினால் எத்தனை அறக்கட்டளைகள் பதில் போடும்?

சட்டத்தைப் படிக்காமல் இறங்க வேண்டாம். 1967இல் ஃபோர்டு அறக்கட்டளை கிளீவ்லாந்தில் தந்த நிதியின் ஒரு பகுதி வாக்காளர் பதிவுக்குப் போனது. அதே ஆண்டு அந்நகர் கறுப்பினத்தவரான கார்ல் ஸ்டோக்ஸை மேயராக்கியது. எழுந்த சர்ச்சைக்குப் பின் 1969இன் வரிச் சட்டம் கடிவாளம் போட்டது. தனியார் அறக்கட்டளை வாக்காளர் பதிவுக்கென்றே பணம் தர வேண்டுமானால், பெறும் அமைப்பு கட்சி சார்பற்றதாகவும், குறைந்தது ஐந்து மாநிலங்களில் இயங்குவதாகவும், ஒரே தேர்தலோடு முடியாததாகவும் இருக்க வேண்டும். சிறு அமைப்புகளுக்கு, குறிப்பிட்ட வேலைக்கென்று ஒதுக்காத பொது நிதியாகத் தரலாம். கூட்டாட்சித் தேர்தல்களில் பதிவதற்கோ வாக்களிப்பதற்கோ பணம் கொடுப்பது ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். பரிசு அட்டைகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். வண்டியில் இலவசமாக அழைத்துப் போவது அதில் சேராது. ஆகவே நிதிக் கோரிக்கையில் பெட்ரோல் செலவு எழுதியிருந்தால் அதை வெட்டாதீர்கள்.