பழைய ஒலிப்பதிவைத் தேடிக் கேட்பது எப்படி

ஒலிப்பதிவுத் தேடலில் அதிக நேரத்தைத் தின்பது பெயர்தான். கொழும்பில் 1925 இல் தொடங்கிய வானொலி 1949 இல் ரேடியோ சிலோன் ஆகி, 1967 இல் கூட்டுத்தாபனமானது. தமிழில் நமக்கு என்றும் ‘இலங்கை’ வானொலிதான். ஆங்கிலப் பட்டியலிலோ 1972 வரை ‘சிலோன்’, பிறகு ‘ஸ்ரீ லங்கா’. இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆட்பெயரிலும் இதே தொல்லை: ‘செல்வ’ என்பதை எஸ்ஸிலும் எழுதியிருப்பார்கள், சீ எச்சிலும் எழுதியிருப்பார்கள், ‘ழ’ வுக்கு எல், இஸட் எச் இரண்டும் வரும்.

முதலில் வீட்டிலிருந்தே, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ இணையத்தளத்தைத் துழாவுங்கள். பிறகு சுவடிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ போவதானால், கேட்பதற்கான பிரதி உண்டா, கருவி வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மூல நாடாவைக் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். கொழும்பின் ஈரப்பதனில் நாடாவின் பசை இளகியிருந்தால், ஓடும்போது கிறீச்சிட்டு, காந்தப்பூச்சு உரிந்துவிடும். வினாகிரி வாடை வந்தால் அது அசிற்றேற் நாடா சிதைவதன் அறிகுறி. ஓடவிடாமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

குரல் கனத்து இழுபட்டால் பேசுபவரைக் குறை சொல்லாதீர்கள், வேகத்தைப் பாருங்கள். 1200 அடி நாடா செக்கனுக்கு 7½ அங்குல வேகத்தில் 32 நிமிடம் ஓடும். 3¾ இல் 64 நிமிடம். இந்த இரண்டில் ஒன்றுக்குப் பதில் மற்றதில் ஓடவிட்டால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் அல்லது இறங்கும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே கொள்ளும். ஆகவே அதிலுள்ள பாட்டை மேடையில் பாடிய அளவென்று எண்ணக்கூடாது. லேபலில் உள்ள பெயரோடு, லேபலை ஒட்டித் தட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டின் வெவ்வேறு பதிவுகளைப் பிரித்தறிய அதுவே உதவும்.

வாய்மொழி வரலாறு என்றால் முதல் தடவை நிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை மணி:நிமிடம்:செக்கன் போட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணியாவது வேண்டும். ‘வந்தவையள்’ என்றதை ‘வந்தார்கள்’ என்று திருத்தாதீர்கள், ஊர் தெரிவது அதில்தான். விளங்காத சொல்லை ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். கேட்க அனுமதித்தது பிரதி எடுக்க அனுமதித்ததாகாது. பேசியவர் எதற்குச் சம்மதித்தார் என்பது படிவத்தில் இருக்கும். மேற்கோள் காட்டுமுன் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.