வெளிநாட்டில் இருந்தபடியே ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்தபடி பெயரைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஓட்டுப் போட ஊருக்கு நேரில் வந்தாக வேண்டும். தபால் ஓட்டெல்லாம் ராணுவத்தினர், தூதரக ஊழியர்கள் போன்றவர்களுக்குத்தான். நமக்குப் பதிலாக வேறொருவர் போடலாம் என்று ஒரு மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகாமலே காலாவதியாகிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் பட்டியலில் இருந்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் சுமார் 1.2 லட்சம் பேர், வந்து போட்டவர்கள் 2,958 பேர், அதிலும் 2,670 பேர் கேரளக்காரர்கள். விமான டிக்கெட் விலை தெரிந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

சரி, இருந்தாலும் பெயர் இருக்கட்டும் என்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

படி 1: தகுதி
இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேலை, படிப்பு, எதற்காகப் போயிருந்தாலும் பரவாயில்லை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு, இந்த உரிமை கிடையாது.

படி 2: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்
எந்தத் தொகுதி என்பதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, பாஸ்போர்ட்தான். தாம்பரத்தில் புது வீடு கட்டிக் குடும்பமே அங்கே வந்துவிட்டாலும், பாஸ்போர்ட்டில் பட்டுக்கோட்டை முகவரி இருந்தால் பட்டுக்கோட்டையில்தான் சேர்ப்பார்கள். வெளிநாட்டில் பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் அதில் இந்திய முகவரிதான் அச்சாகியிருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

படி 3: படிவம் 6ஏ
உள்ளூர்க்காரர்கள் நிரப்புவது படிவம் 6, நமக்கானது 6ஏ. இதை மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் வெளிநாடுவாழ் வாக்காளர் என்ற பிரிவில் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்குங்கள். பாஸ்போர்ட் எண், விசா விவரம், அங்குள்ள முகவரி, இங்குள்ள முகவரி எல்லாம் கேட்பார்கள். கலர் போட்டோ, பாஸ்போர்ட்டில் உங்கள் படம் உள்ள பக்கம், முகவரிப் பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். கட்டணம் இல்லை. கடைசியில் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துவையுங்கள்.

படி 4: வீட்டுக்குச் சொல்லிவையுங்கள்
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விண்ணப்பம் போனதும் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு நேரில் வந்து விசாரிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் அம்மா, ஏதோ கடன் வசூலுக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, "அவன் இங்க இல்லீங்க, எப்ப வருவான்னும் தெரியாதுங்க" என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். அப்புறம் நான் போன் போட்டு விளக்கி, அவர் மறுபடி வந்து, அம்மா காபி கொடுத்து, ஒருவழியாக முடிந்தது. அதனால் இன்ன வேலையாக ஒருவர் வருவார், விசாரித்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். விசாரிக்க வீட்டில் யாருமே இல்லையென்றால் ஆவணங்களைச் சரிபார்க்க அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு அனுப்புவார்கள்.

படி 5: பழைய அட்டை
ஏற்கெனவே வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் ஒப்படைத்துவிட வேண்டும், இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம். வெளிநாடுவாழ் வாக்காளருக்குப் புது அட்டை தரமாட்டார்கள். ஊரோடு திரும்பி வந்துவிட்டால் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம் தெரிவித்துவிட்டு, படிவம் 6 கொடுத்துச் சாதாரண வாக்காளராக மாறிக்கொள்ளலாம்.

படி 6: ஓட்டு நாள்
அட்டைக்குப் பதில் அசல் பாஸ்போர்ட். நகல் எடுத்துப் போனால் உள்ளே விடமாட்டார்கள். நம் பெயர்கள் பட்டியலில் கடைசியில் தனிப் பகுதியாக இருக்கும், தெருவாரியாகத் தேடினால் கிடைக்காது. பெயர் இல்லை என்று சொன்னால் பதறாமல், "சார், கடைசிப் பக்கம் பாருங்க" என்று கேளுங்கள்.