லங்காவியிலிருந்து புக்கெட்டுக்குப் பாய்மரப் படகில்: முதல் முறை எல்லை தாண்டுவோருக்கு

லங்காவியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி: "அப்படியே புக்கெட் வரைக்கும் போய் வரலாமா?" தாராளமாகப் போகலாம். லங்காவியின் தெலாகா துறையிலிருந்து புக்கெட்டின் சாலோங் விரிகுடாவுக்கு ஏறக்குறைய 120 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடும் படகுக்கு ஒரு பகலும் ஓர் இரவும். நல்ல பருவத்தில் இந்தக் கடல் புதியவர்களை மிரட்டாது. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது காகிதத்தில்தான்.

காரில் எல்லை தாண்டினால் வழியிலேயே சாவடி நிற்கும், நிறுத்துவார்கள், கேட்பார்கள். கடலில் அப்படி எதுவும் கிடையாது. எல்லைக் கோடு வரைபடத் திரையில் மட்டும்தான் தெரியும். எனவே கிளம்பும் நாட்டிலும் சேரும் நாட்டிலும் நாமே அலுவலகங்களைத் தேடிப் போக வேண்டும். இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எல்லை தாண்டுவது நீங்கள் மட்டுமல்ல, உங்கள் படகும்தான். குடிநுழைவு இலாகா ஆட்களைப் பார்க்கும். சுங்க இலாகா படகையும் அதில் உள்ள பொருளையும் பார்க்கும். கடல்துறை இலாகா அந்தப் பயணத்துக்கே அனுமதி தரும். கடப்பிதழில் முத்திரை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுபவர்கள் சட்டப்படி பாதிதான் கிளம்பியிருக்கிறார்கள்.

பருவம்

டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். அப்போது வடகிழக்குப் பருவக்காற்று வீசும். நாம் போகும் திசை வடமேற்கு, ஆகவே காற்று வலப்பக்கம் நேராக வந்து பாயில் விழும். படகு அதிகம் சாயாமல் சீராக ஓடும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம். அலை பெரிது, விடியலுக்கு முன்னால் 'சுமத்ரா' என்று மாலுமிகள் சொல்லும் சூறைக்காற்று திடீரென்று அடிக்கும். முதல் பயணத்தை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

முதல் படி: கோப்பு

ஒரு நீர்புகாத கோப்பு வாங்கி, அதில் படகின் பதிவுச் சான்றிதழ் (அசல்), காப்பீட்டுப் பத்திரம், ரேடியோ உரிமம், எல்லாருடைய கடப்பிதழ்களையும் வையுங்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். படகு உங்கள் பெயரில் இல்லாவிட்டால், இன்னார் இந்தப் படகை இந்த நாட்டுக்கு ஓட்டிச் செல்ல நான் சம்மதிக்கிறேன் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் குரூ லிஸ்ட். படகில் உள்ளவர்களின் பெயர், பிறந்த தேதி, நாடு, கடப்பிதழ் எண், படகில் அவர் யார் என்பதெல்லாம் ஒரே தாளில். பத்துப் பிரதி எடுத்து வையுங்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒன்று கேட்பார்கள். ஒரு துறைமுகத்தில் நண்பர் ஒருவரின் கடப்பிதழ் எண்ணில் ஓர் இலக்கத்தை நான் மாற்றி அடித்திருந்தேன். கிளம்பிய நாட்டில் யாரும் கவனிக்கவில்லை, அதே தாளில் முத்திரையும் விழுந்துவிட்டது. சேர்ந்த இடத்தில் அதிகாரி கடப்பிதழையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தடவிக்கொண்டே வந்தார். எட்டாவது இலக்கத்தில் விரல் நின்றது. விளக்கக் கடிதம் எழுதி, அச்சிட ஒரு கடை தேடி, திரும்பி வருவதற்குள் நீர் வற்றி, கரைக்கு வந்து போகும் சிறு படகான டிங்கி சேற்றில் உட்கார்ந்திருந்தது. படகுக்குத் திரும்பியபோது சாயங்காலம். அன்றிலிருந்து ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர் தாளில் சரிபார்க்காமல் நான் எதையும் அச்சிடுவதில்லை.

படகின் பெயரும் பதிவு எண்ணும் போட்ட ரப்பர் முத்திரை ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்பதில்லை, ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை இருந்தால் மேசையில் வேலை வேகமாக நடக்கிறது.

இரண்டாம் படி: விசாவும் வருகை அட்டையும்

தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர் அனைவரும் 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சேர்வதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்புங்கள், பயண வழி என்ற இடத்தில் கடல் என்று குறியுங்கள். இது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசாங்கத்துடையது அல்ல, மூடிவிடுங்கள்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு விசாவில் பெரிய சிக்கல் இல்லை. சென்னையிலிருந்து வந்த உறவினரையும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்றால் நிதானமாகப் பாருங்கள். விமான நிலையத்தில் கிடைக்கும் சலுகை கடல்வழி நுழைவிடத்திலும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தூதரகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே அவர் பெயரைப் பட்டியலில் சேருங்கள்.

மூன்றாம் படி: லங்காவியில் கிளியரன்ஸ்

குவா படகுத்துறையிலும் தெலாகாவிலும் மூன்று இலாகாக்களும் இருக்கின்றன. காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை என்றால் மதியத் தொழுகை நேரத்தைக் கணக்கில் வையுங்கள். எந்த மேசைக்கு முதலில் போவது என்பதை அங்கேயே கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையில் போய் வாருங்கள்.

முடிவில் உங்கள் கையில் இருக்க வேண்டிய முக்கியமான தாள், போர்ட் கிளியரன்ஸ். இன்ன படகு, இத்தனை பேரோடு, இன்ன துறைமுகத்துக்குப் புறப்பட அனுமதிக்கப்படுகிறது என்று கடல்துறை இலாகா கொடுப்பது. தாய்லாந்தில் முதல் கேள்வியே "கடைசித் துறைமுகத்தின் கிளியரன்ஸ் எங்கே?" என்பதுதான். அது இல்லாமல் வரும் படகு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. திரும்பிப் போய் வாங்கி வா என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இந்தத் தாளைப் படம் எடுத்து எல்லாருடைய தொலைபேசியிலும் வைத்துவிடுங்கள்.

லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. மதுவும் சிகரெட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று அள்ளி ஏற்றாதீர்கள், அந்தப் பக்கம் அளவு உண்டு. வேப் எனப்படும் மின்சிகரெட்டைத் தாய்லாந்துக்குள் கொண்டுபோகவே தடை. இளைஞர்கள் யாராவது படகில் இருந்தால் கிளம்பும் முன்னே பையைப் பார்த்துக் கரையில் விட்டுவிடச் சொல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு இருக்கட்டும்.

நான்காம் படி: கடல்

இரண்டு விதமாகப் போகலாம். ஒரே மூச்சில் ஓர் இரவு ஓடுவது ஒன்று. இன்னொன்று, தெலாகாவிலிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவு வரை 25 கடல் மைல், அங்கிருந்து ரோக் தீவு வரை 45, பிறகு சாலோங் 55 என்று மூன்று பகலாகப் பிரிப்பது. புதியவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். ஒரு நிபந்தனை: முத்திரை விழும் முன் வழியில் நங்கூரமிட்டு உறங்கலாமா என்று நுழைவு அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தாலும் கரையில் கால் வைக்காதீர்கள். லிப்பேயில் மணல் வெள்ளையாக, உணவகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். அப்போதும் படகிலேயே சோறு பொங்குங்கள்.

இரவில் ஓடினால் அடிவானம் பச்சையாக ஒளிர்வதைப் பார்ப்பீர்கள். கணவாய் பிடிக்கும் தாய்லாந்துப் படகுகளின் விளக்குகள் அவை. அழகுதான், ஆனால் அந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைத்துப் பக்கத்தில் வரும் சிறு படகை மறைத்துவிடும். பகலில் மூங்கில் கம்பில் துணி கட்டி மிதப்பவை வலை, கூண்டுகளின் அடையாளங்கள். சுற்றிப் போங்கள், கயிறு உந்துவிசிறியில் சுற்றினால் கத்தியோடு தண்ணீரில் குதிக்க வேண்டிவரும். சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவியும், விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையும் முழு நேரமும் இயங்கட்டும்.

இந்த வழியில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். புக்கெட்டுக்கு வடக்கே தகுவா பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வெட்டிய அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரின் காவலில் விட்டதை அது சொல்கிறது. நாம் திரையைப் பார்த்து ஓட்டும் கடலுக்கு அவர்கள் காற்றை மட்டும் நம்பி வந்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: சேர்ந்ததும்

தாய்லாந்துக் கடலுக்குள் நுழையும்போது வலப்பக்கக் கயிற்றில் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். அது கியூ கொடி. "என் படகில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்" என்று பொருள். உங்கள் நாட்டுக் கொடி பின்பக்கம் பறக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். மலேசிய நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டு அலுவலகம் இன்னும் திறக்கவில்லையே என்று நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாலோங்கில் நங்கூரம் போடும்போது நீரின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். விரிகுடாவின் உள்பகுதி நீர் வற்றினால் சேறு. குடிநுழைவு, சுங்கம், துறைமுகம் எல்லாம் படகுகளுக்கென்றே இங்கு ஒரே இடத்தில் இருக்கின்றன. படகின் தலைவர் கோப்போடு போகட்டும், அலுவலகம் எல்லாரையும் கேட்டால் எல்லாரும் போங்கள். சட்டையும் செருப்பும் ஒழுங்காக இருக்கட்டும். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

சுங்கத்தில் படகைத் தற்காலிக இறக்குமதியாகப் பதிவார்கள். அந்தத் தாளில் படகு எந்தத் தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று இருக்கும். உங்கள் கடப்பிதழில் உள்ள தேதி வேறு, அது வேறு. இரண்டையும் சமையல் மேசைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். ஆட்கள் கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம். படகு தங்கிவிட்டால் விவகாரம் சுங்கத்தோடு, அது பெரிது.

முத்திரைகள் விழுந்ததும் மஞ்சள் கொடியை இறக்கி, அதே கயிற்றில் தாய்லாந்துக் கொடியை ஏற்றுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம், வெள்ளை, சிவப்பு; மேலும் கீழும் ஒன்றே, தலைகீழாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

திரும்பும்போது

இதே வேலை, எதிர்த்திசையில். சாலோங்கில் மூன்று மேசை, தாய்லாந்து போர்ட் கிளியரன்ஸ், லங்காவியில் மறுபடி மூன்று மேசை. மலேசியரும் சிங்கப்பூரரும் அல்லாதவர்கள் மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். யாராவது வேலை அவசரம் என்று புக்கெட்டிலிருந்து விமானத்தில் திரும்புவதாக இருந்தால், அவர் டிக்கெட் போடும் முன் குடிநுழைவில் சொல்லிக் குரூ லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். நாலு பேரோடு வந்த படகு மூன்று பேரோடு கிளம்பினால், நாலாவது ஆள் எங்கே என்று தலைவரைத்தான் கேட்பார்கள்.