ஆங்கில இலக்கிய முதுகலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை சேர்பவர்களில் பலர் அதனை இளங்கலையின் நீட்சியாகவே எண்ணிக்கொள்கிறார்கள். நூல்கள் சற்றுக் கடினமாகும், கட்டுரைகள் சற்று நீளும், அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலான தவறுகள் இந்த எண்ணத்திலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு நூலைப் பற்றி விமரிசகர்கள் சொன்னதைப் புரிந்துகொண்டு தெளிவாகத் திருப்பிச் சொன்னால் இளங்கலையில் பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கும். முதுகலையிலோ அவர்கள் சொன்னதில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், நூலின் எந்த வரியை வைத்து மறுக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

படிப்பின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்வது முதல் தவறு. 'இலக்கியமும் எழுத்தும்' என்ற தலைப்பில் உள்ள 'எழுத்து' ஒரு துறையில் கதை, கவிதை எழுதுவதைக் குறிக்கும். மற்றொரு துறையில் கட்டுரை எழுதக் கற்பிக்கும் முறையைக் குறிக்கும். பிரிட்டனில் முழுநேர முதுகலை பொதுவாக ஓராண்டு, 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). அதில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்குரியது. அமெரிக்காவில் இரண்டாண்டு எடுப்பது வழக்கம், கதை, கவிதை எழுதும் படைப்பெழுத்துக்கு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) என்ற தனிப் பட்டமும் அங்கே உண்டு. பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது சிறியதாகத் தோன்றினாலும் ஆய்வேட்டையே கவிழ்க்கக்கூடியது: கையில் கிடைத்த பதிப்பைப் படிப்பது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் 1818-இல் ஆசிரியர் பெயரின்றி வெளியானது. 1831-இல் அவர் அதனைத் திருத்தி, ஓர் முன்னுரையும் எழுதிச் சேர்த்தார். முதல் பதிப்பில் எலிசபெத், நாயகன் விக்டரின் அத்தை மகள். பின்னதில் அவள் இரத்த உறவே இல்லாத, இத்தாலியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பெண். ('கசின்' என்ற பொதுச் சொல்லில் மங்கிப்போகும் இந்த உறவைத் தமிழில் யோசிப்பவர் உடனே பிடித்துக்கொள்வார் என்பது ஒரு சிறு அனுகூலம்.) விதியின் பிடி 1831 பதிப்பில் கூடுதல் அழுத்தம் பெறுகிறது என்பதும் விமரிசகர் பலர் சுட்டியதே. ஆகவே விக்டரின் பொறுப்பைப் பற்றியோ அந்தக் குடும்பத்தின் அமைப்பைப் பற்றியோ எழுதும் மாணவர், ஒரு மேற்கோளை ஒரு பதிப்பிலிருந்தும் மற்றதை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால், அவருடைய வாதம் எந்த நூலைப் பற்றியது என்றே சொல்ல முடியாமல் போகும். 'ஹாம்லெட்' நாடகத்துக்கோ 1603, 1604–05, 1623 என ஒன்றுக்கொன்று வேறுபடும் மூன்று தொடக்ககாலப் பதிப்புகள் உள்ளன. முதலாவது மிகச் சுருக்கமானது. பதிப்பாசிரியர் பெயரில்லாத இணையப் பிரதியை நம்புவதற்கு முன் இவற்றை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோட்பாட்டை வார்ப்பச்சாகப் பயன்படுத்துவது மற்றொரு தவறு; இது கெட்டிக்கார மாணவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. பெண்ணியம், பின்காலனியம், உளப்பகுப்பாய்வு என ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் கலைச்சொற்களை நாவலின் மீது ஒட்டிக்கொண்டே போனால், எந்த நாவலை எடுத்தாலும் ஒரே முடிவுதான் வரும். நூல் கோட்பாட்டுக்கு எங்கே இடம்கொடுக்க மறுக்கிறதோ அந்த இடத்தில்தான் கட்டுரை தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. விமரிசகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்கள் எழுதித் தந்த கருத்துகளை 1929-இல் நூலாக்கினார். தேர்ந்த மாணவர்கள்கூட வரிகளின் நேர்ப்பொருளைத் தவறவிட்டு, ஏற்கெனவே மனத்தில் தயாராக இருந்த உணர்ச்சிகளையே கவிதையில் கண்டதை அந்த நூல் காட்டியது. கலைச்சொல் மாறியிருக்கிறதே தவிர, இன்றும் பலர் செய்வது அதுவே.

மேற்கோள் தானே பேசிவிடும் என்று விட்டுவிடுவதும், கதைச்சுருக்கத்தால் பக்கத்தை நிரப்புவதும் பலர் அறிந்த பிழைகள்தான். அறியாமல் நேரும் பிழை குறிப்பேட்டில் இருக்கிறது: பிறர் வாக்கியத்தை மேற்கோள்குறியும் பக்க எண்ணும் இன்றிக் குறித்துவைத்தவர், மூன்று மாதம் கழித்து அதனைத் தம் வாக்கியமாகவே நினைத்துக் கட்டுரையில் சேர்த்துவிடுகிறார். திருடும் எண்ணம் இல்லை என்ற விளக்கம் அப்போது எளிதில் எடுபடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், யாரும் எழுதியிராத கட்டுரைகளையும் இருப்பவைபோல் மேற்கோள் காட்டும் என்பதால், நேரில் திறந்து படிக்காத எதையும் துணைநூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது.

படைப்பெழுத்துப் பட்டறையில், தம் கதை விவாதிக்கப்படும்போது இடைமறித்து விளக்கம் கொடுப்பவர்கள் உண்டு. விளக்கம் தேவைப்பட்ட அந்த இடம்தான் திருத்த வேண்டிய இடம்; பேசாமல் குறித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

ஆய்வேட்டுக்கு 'ஷேக்ஸ்பியரின் பெண்கள்' போன்ற கடலளவு தலைப்பை எடுத்துவிட்டு, எல்லாம் முழுமையானதும் காட்டலாம் என்று நெறியாளரைத் தவிர்ப்பவர்களுக்குக் கடைசி மாதம் கொடுமையானது. ஒரு நாடகம், அதில் ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரம் மௌனமாக நிற்கும் ஒரு காட்சி என்று சுருக்கிக்கொண்டு, அரைகுறையான பத்துப் பக்கத்துடன் முதல் மாதத்திலேயே நெறியாளரின் அறைக் கதவைத் தட்டுவது நல்லது.